ஸ்டெப்னியில் காற்று

வெள்ளைப் பலகையில் முதலில் ஒரே ஒரு கட்டம் போட்டேன்.
ஒரு சர்வர். தண்டையார்பேட்டை ஆபீஸ், இரண்டாம் மாடி.
சுவருக்கு அந்தப்பக்கம் கழிப்பறை, பைப் ஒழுகுகிறது,
அதையும் சின்னதாக வரைந்தேன்.
பத்மநாப ராவ் சிரிக்கவில்லை.
"இது எவ்வளவு?"
சொன்னேன்.
"போதுமே."

போதும்தான்.
மழை ஆபீஸ் நேரம் பார்த்துப் பெய்தால்,
ரோட்டில் பள்ளம் தோண்டுகிறவர்
நம் கேபிளை மட்டும் விட்டுவைத்தால்,
எண்ணூர் யார்டுக்கும் மணலி யார்டுக்கும் இந்த மாடிக்கும் நடுவே
ஒரு நாளும் ஒன்றும் நடக்காவிட்டால்.

போன ஐப்பசியில் லைன் அறுந்து கிடந்த ஒன்பது மணி நேரம்
எண்ணூர் கேட்டில் ஹேமாவதி
தினசரிக் காலண்டரைக் கிழித்துக் கிழித்து
பின்பக்கத்தில் எழுதி வண்டிகளை உள்ளே விட்டாள்.
நாலு எழுத்து, ஏழு இலக்கம், டிரைவர் பெயர்,
சீல் இருக்கிறதா இல்லையா.
டிரெய்லர் வரிசை எர்ணாவூரைத் தொடவில்லை.
விடியும்போது ஐப்பசி முடிந்து
கார்த்திகையில் பாதி தீர்ந்திருந்தது.
லைன் வந்ததும் தாள்களை அடுக்கி
ஒவ்வொன்றாக ஏற்றினாள்,
மறுபக்கம் ராகுகாலம் தெரியத் தெரிய.
சம்பளப் பட்டியலில் அவள் கேட் கிளார்க்.
என் படத்தில் அவள்தான் இரண்டாவது கட்டம்.

ஆனால் அதே இரவு
மணலியில் சவரியப்பனிடமும் ஒரு தாள் இருந்தது.
அதே எண். அதே பெட்டி.
இடமில்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்பினார்,
அனுப்பியதை எழுதவில்லை.
எழுதச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை.
காலையில் நாற்பதடி இரும்பு
இரண்டு ஊரில் நின்றது.
இரண்டு தாளிலும் பொய் இல்லை.
மூன்று நாள் தேடினோம்.

பிறகு மூன்றாவது படம்.
கேட்டுக்கு ஒரு சின்ன மிஷின்,
லைன் அறுந்தாலும் வண்டியை உள்ளே விட்டு
எழுதி வைத்துக்கொள்ளும்.
தண்டையார்பேட்டை மாடியில் இனி திரை மட்டும்.
மாதவரத்தில், கொஞ்சம் மேடான தெருவில்,
இன்னொன்று, சாட்சி.
வேலை செய்யாது, பார்த்துக்கொண்டே இருக்கும்.
யார் உயிரோடு இருப்பது என்று தீர்க்க
இரண்டு பேர் போதாது.

"ஒண்ணும் செய்யாத மிஷினுக்கு மாசாமாசம் காசா?" என்றார் ராவ்.

யூபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மஸ்தான்
திரும்பாமலே கேட்டார்,
"ஸ்டெப்னி இல்லாம லோடு ஏத்துவியா சார்?"

ராவ் பேனா மூடியைக் கழற்றினார்.
மஸ்தானே கெடுத்தார்.

"எங்கண்ணன் வண்டில ஸ்டெப்னி இருந்துச்சி சார்.
தடா தாண்டி நட்டநடு ராத்திரில
எறக்கிப் பாத்தா, காத்து இல்ல.
நாலு வருசமா ஒருத்தனும் கைவெச்சுப் பாக்கல."

இதை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது?

ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்தேன்:
மாதம் ஒரு ஞாயிறு, மத்தியானம்,
யாரிடமும் சொல்லாமல்
பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

முதல் ஞாயிறு நானே போனேன்.
எண்ணூரில் காற்று உப்பும் சாம்பலுமாக வந்தது.
பிடுங்கினேன்.
திரை உறைந்தது.
மணலி பொறுப்பேற்க முப்பத்தெட்டு நொடி.
தாளில் அது நல்ல எண்.
கேட்டில் அது
இரண்டு ஹார்ன்,
டயரை முகர்ந்துவிட்டுப் போன ஒரு நாய்,
லுங்கியை மடித்துக் கட்டியபடி இறங்கி வந்த ஒரு டிரைவர்.
ஹேமாவதி என்னைப் பார்க்கவே இல்லை.
கை அதுவாகவே
ஆணியில் தொங்கிய காலண்டருக்குப் போயிருந்தது.

தாள் பாதி கிழிந்தபோது திரை வந்தது.

"வந்துடுச்சே" என்றேன்.
"வரட்டும்" என்று
மீதியையும் கிழித்தாள்.

கடைசிப் படத்தில், மூன்று கட்டங்களுக்கும் கீழே,
ஓர் ஆணி வரைந்திருக்கிறேன்.
அது எவ்வளவு என்று
ராவ் இன்னும் கேட்கவில்லை.